முழங்கையும் சட்டமும்

கண்டி மாநகரைப் பற்றிப் பேசுவோர் தலதா மாளிகையையும் ஏரியையும் கூறுவர். நாம் இங்கு ஒரு முழங்கையைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டக் கூலியாக வந்தவர். தந்தையார் கண்டியை அடுத்து பிஸ்கட் தொழில் நடத்தினார். 1972இல் பிறந்த மகன் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றார். இம்மக்கள் கூட்டத்துக்குச் சட்டத்தின் கை புதியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறக்குறைய 7 இலட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. இங்கு பிறந்தேன் என்றால் போதாது, தந்தை பிறந்ததற்கும் சான்று காட்டு என்றது அச்சட்டம்.

1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் டெஸ்ட் பந்தயத்தில் மத்தியஸ்தர் டரல் ஹெயர், முரளி பந்தை எறிகிறார் என்று 3 ஓவர்களில் 7 முறை ‘நோ போல்’ கூறினார். கை தோள் மட்டத்தை அடைந்தபின் பந்து விடுபடும்வரை முழங்கை நீளலாகாது என்பது விதியின் சாரம். எத்தனை பாகை? விதி அதைக் கூறவில்லை. மத்தியஸ்தரின் கண்ணே அளவுகோல். பிறவியிலேயே முற்றாக நிமிராத கையை அந்தக் கண் எறியும் கையாகக் கண்டது.

1996இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் நடந்த பல்கலைக்கழகப் பரிசோதனைகளின் பின் சர்வதேச கிரிக்கெட் பேரவை அனுமதி வழங்கியது. ஆயினும் 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் ரொஸ் எமர்சன் மீண்டும் ‘நோ போல்’ என்றார். அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியை எல்லைக் கோடுவரை அழைத்துச் சென்றார். பின்னர் விசாரணைக்கு வழக்கறிஞர்களோடு வந்தார். கனவான்களின் ஆட்டத்தில் இது அநாகரிகம் என்று முகஞ்சுளித்தோர் உண்டு. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பந்து வீசிப் பிழைப்பவனுக்குக் கையே தொழிற்கருவி. அதைப் பறிக்கும் தீர்ப்பை எதிர்த்து வழக்குரைக்க வழியில்லையென்றால், ஆட்டக்காரன் பழைய தோட்டக் கூலியினும் எவ்விதத்தில் மேலானவன்?

2004இல் ‘தூஸ்ரா’ பந்தின்போது அவர் முழங்கை சுமார் 14 பாகை நீள்வது அளந்தறியப்பட்டது. அன்றைய வரம்பு சுழற்பந்து வீச்சாளருக்கு 5 பாகை. வேகப்பந்து வீச்சாளருக்கோ 10. இந்த இரட்டைச் சலுகை ஏன் என்று கேட்டோர் சிலரே. அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டும் தம் பங்குக்கு, முரளி எறிபவர்தான் என்று தீர்ப்புச் சொல்லிவைத்தார்! ஆனால் கருவி கொண்டு அளந்தபோது, மாசற்றவர் எனப் பெயர்பெற்ற வேகப்பந்து வீச்சாளர் பலரின் முழங்கையும் நீளவே செய்தது. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று வரம்பு வகுக்கப்பட்டது. முரளிக்காகவே விதி வளைந்தது என்ற பேச்சு இன்றும் உண்டு. பழைய விதியை நேர்மையாகப் பிரயோகித்திருந்தால் எத்தனை பேர் மைதானத்தை விட்டு வெளியேறியிருப்பர் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

2007 டிசம்பர் 3ஆம் நாள், கண்டி அஸ்கிரிய மைதானத்தில், போல் கொலிங்வூட்டை வீழ்த்தி ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகளை அவர் கடந்தார்.

முழங்கைக்குப் 10 ஆண்டுகளில் நியாயம் கிடைத்தது. அதற்குப் புகழும், ஒரு நாட்டின் கிரிக்கெட் சபையும், பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களும் துணைநின்றன. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது 2003இல். இடையில் கழிந்தவை 55 ஆண்டுகள். அதற்குள் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலட்சக்கணக்கானோர் நாடு கடந்து போயிருந்தனர். தலைமன்னாரில் கப்பலேறியவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவை அன்றுதான் முதன்முதலாகக் காணச் சென்றனர்.