மருந்து ஃப்ரீ, வர்றதுக்கு?

1/ தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கிருந்து கிளம்புச்சு? சென்ட்ரல் இல்லைங்க, ராயபுரம். 1856 ஜூலைல, வாலாஜா ரோடு வரைக்கும்.

2/ அங்கிருந்து கொஞ்சம் வடக்கே வந்தா திருவொற்றியூர். 1955ல தொடங்கின என்ஃபீல்டு இந்தியாவோட புல்லட் இங்கதான் தயாராச்சு. பக்கத்து எண்ணூர்ல 1948லயே அசோக் மோட்டார்ஸ், பின்னாடி அது அசோக் லேலண்ட். நாட்டுக்கே பைக்கும் பஸ்ஸும் செஞ்சு கொடுத்த ஏரியா இது.

3/ ஆனா சென்னை மெட்ரோ 2015ல முதல்ல ஓடினது கோயம்பேடு–ஆலந்தூர். வண்ணாரப்பேட்டைக்கு 2019. அங்கிருந்து விம்கோ நகர் வரைக்கும் 9 கி.மீ. நீட்டினது 2021 பிப்ரவரி. திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷன் திறக்க 2022 மார்ச் ஆச்சு.

4/ மெட்ரோ வந்த அதே 2021, மே மாசம், சாதாரண கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைன்னு அரசு அறிவிச்சுது. மெட்ரோ வேகம். பஸ், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல ஊர்ந்து வரும். இருந்தாலும் பல அம்மாக்கள் பஸ்ஸுக்குத்தான் நிக்கிறாங்க. காரணம் விவரம் தெரியாததில்ல. கணக்கு தெரிஞ்சதுதான்.

5/ டாக்டரா எனக்கு இது ஏன் முக்கியம்? சுகர், பிரஷர் மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில இலவசம். ஆனா பலர் நேர்ல வந்துதான் வாங்கறாங்க. வர்ற செலவும் ஒரு நாள் கூலியும் சேர்ந்தா, முதல்ல நிக்கிறது மாத்திரைதான்.

6/ ஆண்களுக்கு அந்த இலவச பஸ்ஸும் கிடையாது. கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயில்தான் கைகொடுக்குது.

7/ வீட்ல பெரியவங்க மாத்திரையை விட்டுட்டா, திட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: "போய்ட்டு வர எவ்வளவு ஆகுது?"