பிளசர் கார் கண்ணாடி

எங்க பக்கம் அப்பவெல்லாம் காருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, பிளசர்னுதான் சொல்லுவாங்க. நான் சின்ன வயசுல பார்த்த பிளசர் பூராவும் அம்பாசடர். மாப்பிள்ளை அழைப்புக்கும் அதுதான், பிரசவ வலின்னா நாமக்கல்லுக்குப் பறக்கறதும் அதுலதான்.

மச்சான் வீட்டுல அப்படி ஒண்ணு இன்னும் நிக்குது. பின்கதவுக் கண்ணாடி ஒடஞ்சு, அட்டை வெச்சு அடைச்சிருந்தாங்க. போன மாசம் மாத்தலாம்னு கெளம்பினோம். கண்ணாடிக் கடைக்காரர், "அலமாரிக்குப் போடறதுலயே அறுத்துத் தர்றேனுங்க, அரை மணி நேர வேலை"ன்னார். மச்சானும், "போதும் மாப்ள, யாரு பார்க்கப் போறா?"ன்னார். நான் ஒத்துக்கலை. என் இடது முழங்கையில ஒரு தழும்பு இருக்கு. பள்ளிக்கூடம் போற வயசுல, இப்படி அறுத்துப் போட்ட கண்ணாடிக் கதவை ஓங்கிச் சாத்தினப்ப வந்தது. ஏழு தையல்.

சாதாக் கண்ணாடி ஒடஞ்சா கத்தி மாதிரி நீளநீளமாத்தான் ஒடையும். மோட்டார் வந்த புதுசுல வண்டிகள்ல அதுதான் இருந்துச்சு. 1903-ல பிரான்சு நாட்டு பெனடிக்டஸ்ங்கறவர் கையில இருந்து ஒரு கண்ணாடிக் குடுவை கீழ விழுந்துச்சு. விரிசல் விட்டதே தவிர சிதறலை. உள்ள இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காஞ்சு, ஏடு மாதிரி ஒட்டிப் பிடிச்சிருந்துச்சாம். 1909-ல அதுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு முன் கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் தாள் வெச்சு வர்றது அந்த வழியிலதான்.

பக்கக் கண்ணாடி வேற ஜாதி. 600 டிகிரிக்கு மேல காய்ச்சி, சட்டுனு காத்தடிச்சு ஆத்துவாங்க. மேல்தோல் முதல்ல இறுகிடும், உள்ள இருக்கறது பின்னால ஆறும்போது மேல்தோலை அழுத்திப் பிடிச்சுக்கும். அதனாலதான் அடிபட்டா கல்கண்டு மாதிரி பொடிப்பொடியா உதிருது. ஆனா காய்ச்சினதுக்கப்புறம் அறுக்க முடியாது, கட்டர் இறங்கினா மொத்தமும் கொட்டிடும். அளவுக்கு அறுத்துட்டுத்தான் சூளையில விடணும். கடைக்காரரோட அரை மணி நேரத்துல அது நடக்காது. மோட்டார் வண்டிக்குப் பாதுகாப்புக் கண்ணாடிதான் போடணும்னு 1989 மத்திய விதியே இருக்குங்க.

அம்பாசடர் 1950-களோட கடைசியில கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல, இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டை அச்சா வெச்சுப் பொறந்தது. 2014-ல நின்னு போச்சு. முன் கிரில் மாறுச்சு, எஞ்சின் மாறுச்சு, கதவு பெருசா மாறலை. கண்ணாடியும் தட்டைதான். அதனால வலப்பக்கக் கண்ணாடியைக் கழட்டி அட்டையில வரைஞ்சு, திருப்பிப் போட்டா இடப்பக்க அளவு வந்துருச்சு. அந்த அட்டையைச் சேலத்துக்குக் கொடுத்தனுப்பினோம்.

கண்ணாடி வர பத்து நாளாச்சு. கதவு உள்பலகையைக் கழட்டினா பாதிக்குப் பாதி மண்ணு. மக்கிப்போன பீடிங்கை எடுத்துட்டுப் புதுசு போட்டு, சோப்புத் தண்ணி தடவி இறக்கினோம். கைப்பிடியைச் சுத்தினா வழுக்கிக்கிட்டு மேல ஏறுது.

கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டலாமான்னு மச்சான் கேட்டார். 2012-லயே சுப்ரீம் கோர்ட்டு வேண்டாம்னுடுச்சு மச்சான்னேன். அதுக்குள்ள அவர் பேத்தி அந்தப் பக்கம் ஏறி உக்காந்து, கண்ணாடியை ஏத்தி இறக்க ஆரம்பிச்சிருச்சு.