கையெழுத்துப் போடு என்றால் போட்டுவிட வேண்டுமா?



போன ஞாயிறு எழுதவில்லை. கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். இன்று அதையும் சேர்த்து நீளமாக எழுதுகிறேன். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் தங்கை மகள் லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கிறாள். கல்யாணமாகிப் போய்ப் பதினேழு வருடம். ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள், கடையை மூடிவிட்டார்கள். அங்கே வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் 'யுனிவர்சல் கிரெடிட்' என்று பணம் தருகிறது. அதை வாங்கினால் ஜாப்சென்டர் என்கிற அலுவலகம் சொல்வதைக் கேட்க வேண்டும். சில மாதம் கழித்து, "இனிமேல் இந்தத் தனியார் கம்பெனிக்குப் போ, அவர்கள் உனக்கு வேலை தேட உதவுவார்கள்" என்று அனுப்பினார்கள். போகாவிட்டால் பணம் வெட்டு.

முதல் நாளே அவள் முன்னால் ஒரு கட்டுக் காகிதம். உடம்புக்கு என்ன, மனசுக்கு என்ன, குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விகள். கடைசியில் ஒரு தாள். நாளைக்கு அவளுக்கு வேலை கிடைத்தால், அந்த முதலாளிக்கே கம்பெனி போன் செய்து விசாரித்துக்கொள்ளச் சம்மதம் என்று அதில் இருந்ததாம். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து ராத்திரி எனக்குப் போன் செய்தாள்.

"பெரியம்மா, படிக்காம போட்டுட்டேன். பணத்த நிறுத்திட்டா என்ன பண்றது?"

"எல்லாத்துலயும் போட்டே ஆகணும்னு சொன்னாங்களாடி?"

"சொல்லல. ஆனா போடலைன்னா என்ன ஆகும்னும் சொல்லல."

இந்தக் கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த நாட்டில் இது எப்போது ஆரம்பித்தது என்று தேடிப் படித்தேன். நான் வரலாற்றில் பட்டம் பெற்றவள் இல்லை, ஆசிரியப் பயிற்சி டிப்ளமோதான். ஆனாலும் படித்ததை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, உங்களுக்கே தெரியும்.

பிரிட்டனில் 1909-ல் லேபர் எக்ஸ்சேஞ்ச் சட்டம் வந்தது. 1910 பிப்ரவரி 1 அன்று அலுவலகங்களைத் திறந்தார்கள். அதைக் கொண்டுவந்த மந்திரி சர்ச்சில். நிர்வாகத்தைக் கவனித்தவர் வில்லியம் பெவரிட்ஜ். (இந்தப் பெவரிட்ஜ் பிறந்தது ரங்பூரில், இன்றைய வங்காளதேசம்.) அப்போது அங்கே போவது அவரவர் விருப்பம். வேலை வேண்டுமானால் போய்ப் பெயர் கொடுக்கலாம், வேண்டாமென்றால் வீட்டில் இருக்கலாம்.

1911-ல் காப்பீட்டுச் சட்டம் வந்ததும் இது மாறியது. கட்டடம், கப்பல் கட்டுதல், இன்ஜினியரிங் போன்ற சில தொழில்களில் சுமார் 22 லட்சம் தொழிலாளர்களுக்கு, வேலை போனால் வாரம் 7 ஷில்லிங். அந்தப் பணம் வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். விருப்பமாக இருந்த இடம் கட்டாயமானது இப்படித்தான். உதவிக்கென்று திறந்த கதவிலேயே காவலுக்கும் ஆள் வைத்தாயிற்று.

முதல் உலகப்போர் முடிந்து வேலையின்மை பெருகியது. 1921-ல் புது நிபந்தனை ஒன்று வந்தது: நீ உண்மையாகவே வேலை தேடுகிறாய் என்று நிரூபிக்க வேண்டும். வேலை இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது. எந்தெந்தத் தொழிற்சாலை வாசலுக்குப் போனாய், யாரிடம் கேட்டாய் என்று அதிகாரி குடைவார். இல்லாத வேலையைத் தேடி ஆட்கள் ஊர் ஊராக நடந்தார்கள். பெண்களிடம் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டு, பதில் பிடிக்காவிட்டால் மறுப்பு. இந்த ஒரு நிபந்தனையைக் காட்டியே 1930-க்குள் கிட்டத்தட்ட 30 லட்சம் விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. நூறு வருடம் கழித்து என் தங்கை மகளிடமும் அதே குழந்தைக் கேள்வி!

ஆனால் அதுவரை கேள்வி அலுவலக மேசையோடு நின்றது. 1931-ல் வீட்டுக்குள் வந்தது.

அந்த வருடம் பொருளாதாரம் படுத்துவிட்டது. அரசாங்கம் உதவித்தொகையை வெட்டியது. ஓர் ஆணுக்கு வாரம் 17 ஷில்லிங் கிடைத்துக்கொண்டிருந்தது, 15 ஷில்லிங் 3 பென்ஸ் ஆனது. காப்பீட்டுப் பணம் 26 வாரத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேலும் வேலை கிடைக்காதவர்களுக்கு 'மீன்ஸ் டெஸ்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நம் பாஷையில் வசதிச் சோதனை. உனக்கு வருமானம் உண்டா என்று மட்டும் கேட்டால் பரவாயில்லை. வீட்டில் யார் யாருக்கு என்ன வரும்படி என்று கேட்டார்கள். மகன் கூலி, மகள் கூலி, கிழவியின் பென்ஷன், சேமிப்பு எல்லாம் கணக்கில் சேரும். அந்த அளவுக்கு அப்பாவின் தொகை குறையும்.

இதை விசாரிக்க ஆள் வீட்டுக்கு வருவார். நாற்காலியைப் பார்ப்பார், அலமாரியைப் பார்ப்பார், விற்கக்கூடிய சாமான் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். வடக்கு இங்கிலாந்திலும் சவுத் வேல்ஸிலும் 'மீன்ஸ் டெஸ்ட் மேன்' என்ற பெயர் ஒரு வசைச்சொல்லாகவே தங்கிவிட்டது. மகன் சம்பாத்தியத்தில் அப்பா சாப்பிட வேண்டிய நிலை வந்ததால், வேலையில் இருந்த பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறி வேறெங்கோ வாடகைக்குத் தங்கினார்கள். குடும்பத்தைக் காப்பாற்ற வந்த பணம் குடும்பத்தைப் பிரித்தது.

ஜார்ஜ் ஆர்வெல் 1937-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். (இவரும் இந்தியாவில் பிறந்தவர்தான், பீகாரில் மோதிஹாரி.) பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய கோழிகளுக்கு ஒருவர் தீனி போட்டாராம். கோழி பார்க்கும் வேலை கிடைத்துவிட்டது என்று யாரோ போய் மேலே சொல்லிவிட்டார்கள். அது வேலை இல்லை என்று நிரூபிக்க அந்த மனிதர் பெரும்பாடு பட்டாராம். சிரிப்பு வருகிறது இல்லையா? எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு யோசித்தால், தெருவில் எல்லாரும் எல்லாரையும் வேவு பார்க்கும்படி ஆகிவிட்டது என்றல்லவா அர்த்தம்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உதவித்தொகைப் படிவம் நிரப்ப வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி நிறுத்தி, அப்பாவுக்கு என்ன வேலை, மாதம் எவ்வளவு வரும் என்று கேட்பேன். எல்லார் முன்னாலும். ஒரு பையன் எழுந்து நின்று பேசவே இல்லை. மறுபடி அதட்டிக் கேட்டேன். "அப்பா எங்ககூட இல்ல டீச்சர்" என்றான். பின் பெஞ்சில் சிரிப்பு. நான் "கூலி" என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அந்தத் தொகை அவனுக்குக் கிடைத்தது. ஆனால் அதற்கு அவன் கொடுத்த விலை என்ன என்று எனக்கு உறைக்கப் பல வருடம் ஆனது. அப்புறம் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன், அல்லது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தம்பி, நீ இதைப் படித்தால், டீச்சருக்கு அது மறக்கவில்லை.

பிரிட்டன் கதைக்கு வருகிறேன். ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1932 செப்டம்பரில் பர்க்கன்ஹெட் நகரில் கலவரமே நடந்தது. அக்டோபரில் வால் ஹானிங்டன் என்ற தலைவரின் சங்கம் நடத்திய பசிப் பேரணி, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நடந்தே லண்டன் சேர்ந்தது. மீன்ஸ் டெஸ்டை எடுக்கச் சொல்லிப் பத்து லட்சம் கையெழுத்து போட்ட மனு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது பார்லிமெண்டைச் சேருவதற்குள் போலீஸ் பறித்துக்கொண்டது. அரசாங்கம் கேட்கும் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு, அரசாங்கத்திடம் கேட்கும் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு.

குடும்பம் முழுவதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் முறை 1941-ல்தான் போனது. அப்போது தொழிலாளர் துறை மந்திரி எர்னஸ்ட் பெவின், தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, வேலையில்லாதவர்களே குறைவு. போராடிய பத்து வருடத்தில் கிடைக்காதது யுத்தத்தில் கிடைத்தது.

நடுவில் நம் ஊர். இந்தியாவில் எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் 1945-ல் வந்தது, யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக. 1959 சட்டத்தில் 'கட்டாயம்' என்ற சொல் இருந்தது, ஆனால் அது முதலாளிகளுக்கு; காலியிடத்தைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று. எனக்கு யாரும் மாதப்பணம் தரவில்லை, அதனால் யாரும் அலமாரியைத் திறந்தும் பார்க்கவில்லை. நானே மூன்று வருடத்துக்கு ஒருமுறை கார்டைப் புதுப்பிக்கப் பஸ் ஏறிப் போனவள், சீனியாரிட்டியில்தான் வேலை கிடைத்தது. அன்று என்ன கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன். வேலை இல்லாதவருக்கு எதையும் மறைக்கத் தோன்றாது, கையில் வேறென்ன இருக்கிறது?

பிரிட்டனில் 1996-ல் 'வேலை தேடுபவர் உதவித்தொகை' என்று பெயரை மாற்றினார்கள். ஒப்பந்தம் போட வேண்டும், அதிகாரி கட்டளை இடலாம் என்றெல்லாம் வந்தது. 2012 நவம்பரில் 'யுனிவர்சல் ஜாப்மேட்ச்' என்று ஓர் இணையதளம் தொடங்கினார்கள். அதை நடத்தியது மான்ஸ்டர் என்ற தனியார் கம்பெனி. வேலை தேடுபவர் அதில் கணக்கு திறக்க வேண்டும். அந்தக் கணக்குக்குள் அதிகாரி நுழைந்து, எத்தனை வேலைக்கு விண்ணப்பித்தாய் என்று பார்க்கலாம். அதற்கு ஒரு சின்னக் கட்டம். டிக் செய்தால் கதவு திறக்கும்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கணக்கு திறக்கச் சொல்லிக் கட்டளை இடலாம், ஆனால் அந்தக் கட்டத்தை டிக் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அரசுத் துறையின் சொந்த வழிகாட்டியிலேயே இது இருந்தது. காரணம் 1998-ன் தகவல் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் என்று பெயர் வைத்துவிட்டு, தராவிட்டால் பட்டினி என்று சொன்னால் அது சம்மதம் ஆகாது. ஆனால் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர் டிக் செய்யாமல் விட்டார், தெரியாதவர் செய்தார். அவர்களுடைய கவலைக்குக் காரணமும் இருந்தது: தளம் தொடங்கிய சில வாரத்திலேயே, போலி விளம்பரம் போட்டு விண்ணப்பித்தவர்களின் சொந்த விவரங்களைக் கறக்க முடிகிறது என்று சேனல் 4 டிவி செய்தி காட்டியது. 2018-ல் அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள்.

அதே காலத்தில் இன்னொரு கூத்து. வேலை இல்லாதவர்களைக் கட்டாயமாகச் சம்பளமில்லா வேலைக்கு அனுப்பும் திட்டம் ஒன்று இருந்தது. எந்தெந்த நிறுவனங்களுக்கு அனுப்புகிறீர்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டார்கள். சொன்னால் அந்த நிறுவனங்களுக்குப் பாதிப்பு வரும் என்று அரசு மறுத்தது. வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அரசு தோற்ற பிறகே பட்டியல் வெளிவந்தது. உழைத்தவனின் நோய் நொடி வரைக்கும் கோப்பில் இருக்கலாம், உழைப்பை வாங்கியவனின் பெயர் மட்டும் ரகசியம்.

2018-ல் புதுச் சட்டம் வந்தது, ஐரோப்பிய விதிகளை ஒட்டியது. பலம் சமமில்லாத இடத்தில் வாங்கும் சம்மதம் செல்லாது என்பது அதில் இன்னும் தெளிவாக இருக்கிறது. நல்லதுதானே என்பீர்கள். பாதி நல்லது. அரசு அலுவலகங்கள் இப்போது பெரும்பாலும் சம்மதமே கேட்பதில்லை. 'சட்டப்படியான பொதுப் பணிக்குத் தேவை' என்று சொல்லி விவரத்தை எடுத்துக்கொள்ளலாம், கம்பெனிக்கும் அனுப்பலாம். அதனால் என் தங்கை மகள் விவரம் போனதையே தடுக்க முடியாது. ஆனால் மூன்று விஷயம் அவள் கையில் உண்டு. என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறாய் காட்டு என்று கேட்கலாம். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். சம்மதம் என்று கேட்டு வாங்கியதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். 1998 சட்டத்தில் கோப்பைப் பார்க்க 10 பவுண்டு வரை கேட்பார்கள், 40 நாள் காத்திருக்க வேண்டும். இப்போது இலவசம், ஒரு மாதம்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். "வம்பு எதுக்கு பெரியம்மா" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. பணம் அவளுடையது, பயமும் அவளுடையது. ஒரு வாரம் கழித்து அவளே இரண்டு பத்தியில் கடிதம் எழுதி அனுப்பினாள். முதலாளிக்குப் போன் செய்யக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், என் கோப்பின் நகல் வேண்டும் என்று. பணம் நிற்கவில்லை. நேரில் போவது மட்டும் கட்டாயம், அது தொடர்கிறது.

நகல் வந்தது. அதில் ஒரு வரி: "ஆங்கிலத்தில் தயக்கம், பயிற்சிக்கு முன் மொழி வகுப்பு தேவை." பதினேழு வருடம் அந்த ஊரில் ஆங்கிலத்தில் கணக்கு எழுதியவளைப் பற்றி! முதல் நாள் பயத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அந்த வரியை வைத்துத்தான் கணக்கு வேலைகளை அவளுக்குக் காட்டாமலே இருந்திருக்கிறார்கள். திருத்தச் சொல்லி எழுதினாள், திருத்தினார்கள். போன வாரம் முதல்முறையாக ஓர் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு அவள் பெயரை அனுப்பியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை நேர்காணல்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகள் யாராவது இந்த மாதிரி அலுவலகங்களுக்குப் போய் வந்திருந்தால் கீழே எழுதுங்கள். பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று நினைப்பவர்கள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். எழுத்துப்பிழை இருந்தால் கண் மருந்தின் மேல் பழி போடுங்கள்.

அன்புடன்
உங்கள் டீச்சர்