பால்கனியில் புகைபிடித்தால் அபராதம் உண்டா? அண்டை வீட்டாருக்குச் சட்டம் தரும் வழிகள் என்னென்ன?

பெங்களூரு: கர்நாடகத்தில் பொது இடங்களில் புகைபிடிப்போருக்கான அபராதம் 200 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்துப் பால்கனியில் ஒருவர் பற்றவைக்கும் சிகரெட்டின் புகை, மேல்தளத்து வீட்டில் தொட்டிலில் உறங்கும் குழந்தையை எட்டினால், அந்த 1,000 ரூபாய் அபராதம் பெரும்பாலும் உதவிக்கு வராது. காரணம், பால்கனி என்பது சட்டத்தின் பார்வையில் வீட்டின் ஒரு பகுதி.

புகைபிடிப்பவரின் உரிமை எங்கே முடிகிறது, அண்டை வீட்டாரின் உரிமை எங்கே தொடங்குகிறது என்ற இக்கேள்வி சொகுசுக் கப்பல்கள் முதல் பெங்களூருவின் குடியிருப்பு வளாகங்கள் வரை விவாதிக்கப்பட்டு வருகிறது. இதில் நடைமுறையிலுள்ள சட்டங்கள் சொல்வது என்ன என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

கர்நாடகத் திருத்தச் சட்டம்

மத்திய அரசின் சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம் (கோட்பா) 2003-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்யும் விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் அமலுக்கு வந்தன. இச்சட்டத்தில் கர்நாடக சட்டப்பேரவை 2024 பிப்ரவரியில் திருத்தம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் பின் 2025 மே மாத இறுதியில் அது அரசிதழில் வெளியானது.

இதன்படி, புகையிலைப் பொருட்களை வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 18-லிருந்து 21 ஆக உயர்ந்தது. சில்லறையாக ஒற்றைச் சிகரெட் விற்பதும் ஹுக்கா பார் நடத்துவதும் தடை செய்யப்பட்டன. ஹுக்கா பார் நடத்துவோருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். கடுமையான சட்டம்தான் என்றாலும், அது வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

‘பொது இடம்’ வேறு, ‘பொதுப் பகுதி’ வேறு

கோட்பா சட்டம் பொது இடத்துக்குத் தரும் வரையறை இதுதான்: உரிமையாகவோ அல்லாமலோ பொதுமக்கள் வந்துசெல்லும் இடம். மருத்துவமனை, உணவகம், அலுவலகம், நீதிமன்றம், கல்வி நிலையம், பொதுப் போக்குவரத்து வாகனம் ஆகியவை இதில் அடங்கும். 30 அறைகளுக்குக் குறையாத விடுதிகள், 30 பேருக்குக் குறையாமல் அமரக்கூடிய உணவகங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றில் மட்டும் புகைபிடிக்கத் தனி இடம் ஒதுக்க அனுமதி உண்டு.

தமிழில் இந்த விவகாரத்தைப் பேசும்போது ஒரு குழப்பம் நேர்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் ஆவணங்கள் படிக்கட்டு, மின்தூக்கி, வராந்தா, மொட்டைமாடி ஆகியவற்றைப் ‘பொதுப் பகுதி’ என்கின்றன. புகையிலைச் சட்டம் ‘பொது இடம்’ என்கிறது. இரண்டிலும் ‘பொது’ என்ற சொல் இருப்பதால் இரண்டும் ஒன்றே எனப் பலர் கருதிவிடுகின்றனர். முன்னது வீட்டு உரிமையாளர்கள் அனைவருக்கும் கூட்டாக உரியது. பின்னது ஊரார் எவரும் வந்துசெல்லக்கூடியது. காவலாளிகளும் தூய்மைப் பணியாளர்களும் உணவு விநியோக ஊழியர்களும் நாள் முழுவதும் நடமாடும் தரைத்தள முகப்பைப் பொது இடம் என்று வாதிட இடமுண்டு. பணியிடங்களும் தடையின் வரம்புக்குள் வருவதால் அந்த வாதம் வலுவானதும்கூட. ஒரு குடும்பம் மட்டுமே பயன்படுத்தும் பால்கனிக்கு அந்த வாதம் பொருந்தாது.

வீட்டுக்குள் வரும் புகை

மத்திய சுகாதார அமைச்சகம் 2016-17ஆம் ஆண்டில் நடத்திய உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 38.7 சதவீதம் பேர் வீட்டில் பிறர் விடும் புகையைச் சுவாசிக்க நேர்கிறது. பணியிடங்களில் இது 30.2 சதவீதம். சட்டம் காவல் நிற்கும் பணியிடத்தைவிட, அது எட்டாத வீட்டில்தான் பாதிப்பு அதிகம் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

பிறர் விடும் புகையில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. உலகளவில் ஆண்டுதோறும் புகைபிடிக்காத பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதனால் உயிரிழப்பதாக அவ்வமைப்பு மதிப்பிட்டுள்ளது. ஆஸ்துமா நோயாளிகள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் ஆகியோருக்குப் பாதிப்பு கூடுதல். இதில் ஒரு முரணும் உண்டு. புகைபிடிப்பவர் பால்கனிக்கு வருவது பெரும்பாலும் தம் வீட்டாரைக் காப்பதற்காகவே. சொந்தக் குழந்தையிடமிருந்து விலக்கப்படும் புகை அடுத்த வீட்டுக் குழந்தையிடம் சென்று சேர்கிறது.

நீதிமன்றங்கள் காட்டிய வழி

புகையிலைச் சட்டம் கைகொடுக்காத நிலையில் வேறு சட்டங்கள் உண்டா? உண்டு. கோட்பா வருவதற்கு முன்பே, 1999 ஜூலை 12 அன்று, கே.ராமகிருஷ்ணன் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பொன்றை வழங்கியது. பொது இடத்தில் புகைபிடிப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றும், அது பொதுத் தொல்லை என்ற குற்றத்துக்குள் வரும் என்றும் நீதிபதிகள் கூறினர். 2001 நவம்பர் 2 அன்று முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், ரயில் உள்ளிட்ட இடங்களில் நாடு முழுவதும் புகைபிடிக்கத் தடை விதித்தது.

கேரளத் தீர்ப்பு அன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகளையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவையும் சார்ந்திருந்தது. அவற்றுக்கு இணையானவை இன்றும் உள்ளன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 270-ஆவது பிரிவு பொதுத் தொல்லையை வரையறுக்கிறது. 280-ஆவது பிரிவு சுற்றுப்புறக் காற்றை உடல்நலத்துக்குக் கேடாக மாற்றுவோருக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின் கீழ், தொல்லையை அகற்றுமாறு நிர்வாக நடுவர் உத்தரவிடலாம்.

எனினும் இப்பிரிவுகள் ‘பொதுவாக அப்பகுதியில் வசிப்போர்’ அனைவருக்கும் நேரும் கேட்டைப் பற்றியவை. பாதிக்கப்படுவது ஒரே ஒரு வீடு எனில், உரிமையியல் நீதிமன்றத்தில் தனியார் தொல்லை என்ற அடிப்படையில் தடையாணை கோருவதே பொருத்தமான வழி. அதற்குப் புகை வரும் நேரம், எத்தனை முறை, மருத்துவரின் சான்று ஆகியவற்றை முறையாகப் பதிவுசெய்து வைத்திருப்பது அவசியம். வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை.

சங்கத்தின் துணைவிதிகள்

நடைமுறையில் விரைவாகப் பலன் தரக்கூடியது குடியிருப்போர் சங்கத்தின் துணைவிதிதான். பெங்களூருவில் சங்கங்கள் கர்நாடக அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 1972 அல்லது கர்நாடக சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960 ஆகியவற்றின் கீழ் இயங்குகின்றன. பொதுக்குழுவைக் கூட்டி, படிக்கட்டு, வராந்தா, மொட்டைமாடி ஆகியவற்றில் புகைபிடிக்கத் தடை விதித்துத் துணைவிதியைத் திருத்துவதில் பெரிய சிக்கல் இல்லை.

பால்கனியைத் தொடும்போதுதான் உறுப்பினர்கள் இரண்டு அணியாகப் பிரிகின்றனர். ‘என் வீடு, என் விருப்பம்’ என்பது ஒரு தரப்பு. ‘என் மூச்சு’ என்பது மறு தரப்பு. முழுத் தடையைவிட, குறிப்பிட்ட நேரக் கட்டுப்பாடோ, வளாகத்தின் திறந்தவெளியில் தனி இடமோ ஒப்புக்கொள்ளப்படும் வாய்ப்பு அதிகம். நகரில் பெருந்தொகையினர் வாடகைதாரர்கள் என்பதால், வளாக விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனையை வாடகை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுவது வீட்டு உரிமையாளருக்கும் நல்லது.

வெளிநாடுகளில்

நேரக் கட்டுப்பாடு என்ற யோசனை ஜெர்மனியின் உச்ச நீதிமன்றத்திலேயே ஒலித்துள்ளது. பிரெம்னிட்ஸ் நகரில் கீழ்வீட்டார் பால்கனியில் புகைப்பதை எதிர்த்து மேல்வீட்டுத் தம்பதியர் தொடர்ந்த வழக்கில், 2015 ஜனவரி 16 அன்று தீர்ப்பு வெளியானது. தொல்லை கணிசமானதாக இருந்தால், புகையற்ற நேரங்களை அண்டை வீட்டார் கோரலாம் என்று நீதிமன்றம் கூறியது. இருவருக்கும் பால்கனி உரியது. ஆகவே நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

ஜப்பானில் இரவில் பால்கனியில் சிகரெட் நுனி மினுங்க நிற்போரை ‘மின்மினிக் கூட்டத்தார்’ என்று கேலியாக அழைப்பதுண்டு. அங்கு நகோயா மாவட்ட நீதிமன்றம் 2012 டிசம்பரில், மேல்வீட்டுப் பெண்ணின் வேண்டுகோளைப் பொருட்படுத்தாமல் பால்கனியில் தொடர்ந்து புகைபிடித்தவர் 50,000 யென் இழப்பீடு தர உத்தரவிட்டது. குடியிருப்பு விதிகளில் தடை இல்லை என்பது அவருக்குக் கைகொடுக்கவில்லை.

சிங்கப்பூரில் குடியிருப்புகளின் பொது நடைபாதைகளில் 2013 முதல் புகைபிடிக்கத் தடை உள்ளது. ஜன்னலோரத்துக்கும் பால்கனிக்கும் அதை விரிவுபடுத்துமாறு நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் இங் 2020 அக்டோபரில் கோரினார். வீட்டுக்குள் கண்காணிப்பது அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் எனக் கூறி அரசு அதை ஏற்கவில்லை.

கப்பல்களைத் திருத்திய தீ

சொகுசுக் கப்பல்களில் இவ்விவாதம் வேறு வகையில் முடிவுக்கு வந்தது. அதற்குப் புகையைவிடத் தீயே முதன்மைக் காரணம். 2006 மார்ச் 23 அதிகாலை, ஜமைக்கா நோக்கிச் சென்றுகொண்டிருந்த ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலின் பால்கனி ஒன்றில் தீப்பிடித்துப் பல தளங்களுக்குப் பரவியது. பயணி ஒருவர் உயிரிழந்தார். அணைக்கப்படாத சிகரெட் துண்டே காரணமாக இருக்கக்கூடும் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு முடிவுக்கு வந்தது. பால்கனிகளைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தடுப்புகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் தீயை வேகமாகப் பரப்பின. கப்பல் பால்கனிகளின் தீப்பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் 2008 ஜூலை முதல் கடுமையாக்கப்பட்டன. ராயல் கரீபியன், கார்னிவல் உள்ளிட்ட நிறுவனங்கள் 2014-இல் பால்கனியில் புகைபிடிப்பதையே தடை செய்தன.

கப்பலுக்கு உரிமையாளர் ஒருவர். பயணச்சீட்டு வாங்குபவர் அவரது விதியை ஏற்றுத்தான் ஏற வேண்டும். 200 வீடுகள் கொண்ட வளாகத்துக்கு உரிமையாளர்கள் 200 பேர். அங்கு எளிதானது இங்கு இழுபறியாவது இதனால்தான்.

ஆயினும் தீ பற்றிய வாதம் பெங்களூருவுக்கும் பொருந்தும். புறாக்களைத் தடுக்கக் கட்டிய நைலான் வலை, உலரும் துணிகள், அட்டைப் பெட்டிகள் எனப் பால்கனிகளில் எளிதில் பற்றக்கூடிய பொருட்களுக்குக் குறைவில்லை. மேலிருந்து சுண்டி எறியப்படும் சிகரெட் துண்டு கீழ்வீட்டில் விழுந்தால், அது வெறும் அண்டை வீட்டுச் சண்டை அல்ல. உயிருக்கு ஆபத்து நேரும் வகையில் நெருப்பை அலட்சியமாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆவது பிரிவின் கீழ் தண்டனைக்குரிய குற்றம். பால்கனித் தடைக்கு ஒப்பாத உறுப்பினர்களும் சிகரெட் துண்டை வீசுவதற்கு எதிரான துணைவிதிக்குக் கை உயர்த்துவர் என எதிர்பார்க்கலாம். சங்கங்கள் அங்கிருந்து தொடங்குவது எளிது.

புகைப்பழக்கத்தை விட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனமும் இச்சேவையின் மையங்களில் ஒன்றாகும்.