நாலணா உறுப்பினரும் எட்டு ஓட்டும்

2022 ஜூலை 11-ஆம் தேதி காலை, போடியில் டீக்கடைகளில் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். சென்னை வானகரத்தில் அ.தி.மு.க. பொதுக்குழு. காலை ஒன்பது மணிக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கூட்டம் உடனே தொடங்கிவிட்டது. எங்கள் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினர் ஓ. பன்னீர்செல்வம் அந்தப் பந்தலுக்குப் போகவில்லை, ராயப்பேட்டைத் தலைமை அலுவலகத்துக்குப் போனார். ஊரே தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த ஒருவர், மலையில் ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர், என்னிடம் கேட்டார்: "நானும் இருபது வருசமா உறுப்பினர் கார்டு வச்சிருக்கேன் சார். இந்தக் கூட்டத்துக்கு என்னைய யாரும் கூப்பிடலையே? உள்ள இருக்கிற ரெண்டாயிரத்துச் சொச்சம் பேரை யாரு சார் போட்டது?"

எனக்குச் சட்டென்று என் பெரியப்பா நினைவு வந்தது. இதே கேள்வியை அவர் ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கட்சி காங்கிரஸ், கேள்வி எழுந்த ஆண்டு 1939. அந்தக் கதையை இன்று எழுதுகிறேன்.

பெரியப்பா நாலணா உறுப்பினர். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: 1920 நாகபுரி மாநாட்டில் காந்தியடிகள் காங்கிரசுக்குப் புது விதிகள் எழுதிக் கொடுத்தார். ஆண்டுக்கு நாலணா கட்டினால் யாரும் உறுப்பினர். அதுவரை மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போவதற்குக் கணக்கு வழக்கு கிடையாது. நாகபுரிக்கு மட்டும் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் வந்து குவிந்தார்கள். மாநாடு எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர்க்காரர்கள்தான் பந்தலில் பாதிப் பேர் இருப்பார்கள். புது விதி அதை மாற்றியது. மக்கள்தொகையைப் பார்த்து ஒவ்வொரு மாகாணத்துக்கும் இத்தனை பிரதிநிதி என்று வரம்பு வந்தது. வெள்ளைக்காரன் போட்ட எல்லையை விட்டுவிட்டு மொழிவாரியாக மாகாணக் கமிட்டிகள் அமைந்தன. சென்னை ராஜதானி ஒன்றாக இருந்தபோதே, காங்கிரசுக்குள் தமிழ்நாடு தனி, ஆந்திரா தனி, கேரளா தனி. இது பின்னால் முக்கியமாகிறது.

நாலணா உறுப்பினர்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். பிரதிநிதிகள் தத்தம் மாகாணத்திலேயே தலைவர் தேர்தலுக்கு ஓட்டுப் போடுவார்கள். மாநாடு அதற்குப் பிறகுதான். தலைவர் யார் என்பது முடிவான பிறகே பந்தற்கால் ஊன்றிய இடத்துக்கு அவர் வருவார். பந்தல், சாப்பாடு, தங்குமிடம், தொண்டர் படை, தண்ணீர், விளக்கு எல்லாம் அந்த ஊர் வரவேற்புக் குழுவின் பொறுப்பு. காந்தியடிகள் சொன்னதால் 1930-களின் நடுவிலிருந்து நகரத்தை விட்டுக் கிராமங்களில் மாநாடு கூட்டினார்கள். 1938-இல் குஜராத்தின் ஹரிபுராவில் மூங்கிலும் கீற்றுமாக ஒரு நகரமே எழுந்தது, பெயர் விட்டல்நகர். நந்தலால் போஸ் வரைந்த சித்திரங்கள் பந்தலை அலங்கரித்தன. 51-ஆவது மாநாடு என்பதால் 51 காளை பூட்டிய ரதத்தில் தலைவர் சுபாஷ் சந்திர போஸை அழைத்து வந்தார்கள். அந்த முறை போட்டியில்லை.

அடுத்த ஆண்டுதான் சிக்கல். போஸ் மறுபடியும் நிற்பேன் என்றார். மூத்த தலைவர்களுக்கு அதில் சம்மதமில்லை. மௌலானா ஆசாத் பெயர் முதலில் வந்தது, அவர் விலகிக்கொண்டார். காந்தியடிகளின் ஆதரவோடு ஆந்திரத்துப் பட்டாபி சீதாராமையா நின்றார். 1939 ஜனவரி 29-இல் மாகாணம் மாகாணமாக வாக்கெடுப்பு. போஸுக்கு 1,580, பட்டாபிக்கு 1,377. வித்தியாசம் 203.

மாகாணக் கணக்கைப் பார்த்தால் சுவாரசியம். வங்காளத்தில் போஸுக்கு 404, பட்டாபிக்கு 79. குஜராத்தில் போஸுக்கு வெறும் 5, பட்டாபிக்கு 100. ஆந்திராவில் 28-க்கு 181. அவரவர் ஊர்ப் பாசம் அப்படியே தெரிகிறது. தமிழ்நாட்டில்? போஸுக்கு 110, பட்டாபிக்கு 102. எட்டே ஓட்டு. அப்போது ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர். காந்தியடிகளின் பக்கம் உறுதியாக நின்றவர். அவர் ஆட்சியிலிருந்த தமிழ்நாட்டிலேயே போஸ் முந்தினார் என்றால், அதற்குப் பின்னால் தெற்குச் சீமையில் ஓட்டுத் திரட்டிய முத்துராமலிங்கத் தேவரின் உழைப்பு இருந்தது. தமிழ்நாடு ஆந்திராவோடு சேர்ந்து ஒரே கமிட்டியாக இருந்திருந்தால் அந்த எட்டு ஓட்டு வெளியே தெரிந்தே இருக்காது.

பெரியப்பா சொல்வார்: "நான் நாலணா கட்டினேன். டெலிகேட்டுக்குக் கையும் தூக்கினேன். அந்த டெலிகேட் யாருக்குப் போட்டாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுடா. எட்டு ஓட்டுல ஒண்ணு என்னோடதா, இல்ல அந்தப் பக்கத்து நூத்தி ரெண்டுல ஒண்ணா?" அவர் போஸ் கட்சி. அதனால் அந்தச் சந்தேகம் அவரைக் கடைசி வரை அரித்தது.

பட்டாபியின் தோல்வி தன் தோல்வி என்று காந்தியடிகள் அறிக்கை விட்டார். பிப்ரவரியில் செயற்குழுவில் பெரும்பாலோர் ராஜினாமா செய்தார்கள். மார்ச்சில் ஜபல்பூருக்குப் பக்கத்தில், நர்மதைக் கரையில், திரிபுரி மாநாடு. 52-ஆவது மாநாடு, அதனால் 52 யானை. ஆனால் ரதத்தில் தலைவர் இல்லை, அவர் படம்தான் இருந்தது. போஸ் கடுங்காய்ச்சலில் படுக்கையில் கிடந்தார். அந்தப் பந்தலில்தான் கோவிந்த வல்லப பந்த் தீர்மானம் நிறைவேறியது: காந்தியடிகளின் விருப்பப்படியே தலைவர் செயற்குழுவை அமைக்க வேண்டும். ராஜாஜி அதை ஆதரித்துப் பேசும்போது போஸின் தலைமையை ஓட்டைப் படகுக்கு ஒப்பிட்டார். ஓட்டில் ஜெயித்தவருக்குத் தன் குழுவைத் தானே போட்டுக்கொள்ளும் உரிமை போயிற்று. ஏப்ரல் 29-இல் போஸ் விலகினார். ராஜேந்திர பிரசாத் தலைவரானார். சில நாளில் பார்வர்டு பிளாக் பிறந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி போஸ் மதுரைக்கு வந்தார். தேவர் ஏற்பாடு செய்த வரவேற்பு. அப்போது நம் போடி மதுரை ஜில்லா. 1928-இல் போட்ட ரயில் பாதை இருந்தது. பெரியப்பா ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "கண்ணாடியும் தொப்பியும்தான் தெரிஞ்சுது, போதும்" என்பார்.

அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கட்சி மாநாடு கூட்டுகிறார்கள். பலூன், பாண்டு வாத்தியம், மாநிலவாரியாகப் பெயர் கூப்பிட்டு வாக்கு. அங்கே ஓட்டு பந்தலுக்குள்ளேயே நடக்கும். ஆனால் பிரதிநிதிகளின் தகுதியை ஒரு குழு முதலில் பார்க்கும், விதிகளை இன்னொரு குழு பார்க்கும். 1912-இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் டாஃப்டும் தியோடர் ரூஸ்வெல்ட்டும் மோதியபோது 254 இடங்களுக்கு இரண்டு தரப்பும் உரிமை கோரின. 235 டாஃப்ட் ஆட்களுக்கு, 19 ரூஸ்வெல்ட் ஆட்களுக்கு என்று தீர்ந்தது. அப்போதே கதை முடிந்தது. ரூஸ்வெல்ட் வெளியேறித் தனிக்கட்சி கண்டார். 1968-இல் ஜனநாயகக் கட்சி, மாநிலங்களில் நடந்த முதல்நிலைத் தேர்தல் எதிலும் நிற்காத ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கியது; சிகாகோ தெருக்களில் கலவரம். அதன்பிறகே விதிகளை மாற்றி, சாதாரண வாக்காளர் போடும் ஓட்டே பிரதிநிதிகளை முடிவு செய்யும்படி செய்தார்கள்.

ஏலக்காய்க்காரர்களான நமக்கு இது புரியாததல்ல. ஏல மையத்தில் விலை போவதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் சல்லடையில் சலித்துத் தரம் பிரிக்கும்போதே பாதி விலை முடிவாகிவிடுகிறது. கட்சி மாநாட்டிலும் பந்தலுக்குள் யார் வரலாம் என்ற பட்டியலும், எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ் தர வேண்டும் என்ற விதியும்தான் சல்லடை. 2022-இல் நீதிமன்றத்தில் நடந்த வாதங்களை நினைத்துப் பாருங்கள். யார் கூட்டத்தைக் கூட்டலாம், பதினைந்து நாள் நோட்டீஸ் உண்டா, பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியைப் பொதுக்குழு மாற்றலாமா என்பதே பேச்சு. 2023 பிப்ரவரி 23-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பொதுக்குழு செல்லும் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. மார்ச் மாதம் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றிப் பொதுச்செயலாளர் ஆனார். அந்தப் பதவிக்கு நிற்கவே பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும் என்று விதி வந்திருந்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த ஊரில் இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

காங்கிரசில் இன்னும் பழைய முறைதான். 2022 அக்டோபரில் கார்கேவும் சசி தரூரும் போட்டியிட்டபோது ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் தத்தம் மாநிலத்திலேயே ஓட்டுப் போட்டார்கள். 7,897-க்கு 1,072. எல்லா மாநிலச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்து எண்ணினார்கள். 1939 போல எந்த மாநிலம் யாருக்கு என்று இப்போது பார்க்க முடியாது. அது நல்லதா கெட்டதா என்று பெரியப்பா இருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

டீக்கடையில் கேட்டவருக்கு அன்று நான் சொன்ன பதில் சிறியது: "மேலே யார் உட்காருவது என்பதை உங்கள் கிளைத் தேர்தலில் தேடுங்கள். அன்றைக்கு நீங்கள் போனீர்களா?"

அவர் சிரித்தார். "கிளைத் தேர்தலா? அது எப்ப சார் நடந்துச்சு?"

என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இரண்டு டீக்கும் நானே காசு கொடுத்துவிட்டு வந்தேன்.