ஆதாமுக்கு விடுக்கப்பட்ட அழைப்பாணை

ஆங்கிலத்தில் ‘பிரிஸ்யூம்’ என்றொரு வினைச்சொல் உண்டு. சான்று கைக்கு வருமுன்னரே ஒன்றை உண்மையெனக் கொள்ளுதல் அதன் பொருள். ‘அஸ்யூம்’ அதன் உடன்பிறப்பு. நம்மவர் பலர் இரண்டையும் வேறுபாடின்றியே ஆள்கின்றனர். வாதத்திற்காக அடிப்படை ஏதுமின்றி ஒன்றை வைத்துக்கொள்வதும் ‘அஸ்யூம்’ ஆகும். தக்க காரணம் பற்றி, மாறானது மெய்ப்பிக்கப்படும்வரை இதுவே உண்மையெனக் கொள்வது ‘பிரிஸ்யூம்’. ஏழாண்டுகளாகச் செய்தியே இல்லாதவரை இறந்தவரெனச் சட்டம் கொள்வது இவ்வகையினது.

இரண்டுக்கும் தாய் இலத்தீன். ‘சூமெரே’ என்றால் எடுத்தல். ‘பிரே’ என்றால் முன்னதாக. (அன்னை மரியாவின் விண்ணேற்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே.) முன்னதாகவே எடுத்துக்கொள்வதில் துணிச்சல் ஒளிந்திருக்கிறது. எனவேதான், மனமாற்றமின்றியே மன்னிப்பு உறுதியென்று இருந்துவிடும் இறுமாப்புக்கும் இச்சொல்லே பெயராயிற்று. புனித தோமா அக்குவினா அதனை எதிர்நோக்கு என்னும் புண்ணியத்திற்கு எதிரான பாவமாகவே வைத்து ஆராய்ந்தார்.

பாவத்திற்குப் பெயர் தந்த அதே சொல் குற்றஞ்சாட்டப்பட்டோருக்குக் கேடயமான வரலாறு வியப்புக்குரியது. 12ஆம் நூற்றாண்டில் கிராசியானின் சட்டத்தொகுப்புக்கு உரை கண்ட பௌக்கப்பலேயா, வழக்கு விசாரணை பிறந்த இடம் ஏதேன் தோட்டமே என்றார். கடவுள் வினவினார்; ஆதாமோ தன் மனைவியைச் சுட்டி எதிர்வாதம் செய்தான். அவ்வாதம் நேர்மையானதா என்பது வேறு. வாதிட அவனுக்கு இடமளிக்கப்பட்டதல்லவா!

இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் பிரான்சு நாட்டுக் கர்தினால் ழான் லெமுவான். திருத்தந்தை எட்டாம் போனிப்பாசின் ஆணையொன்றுக்கு உரை எழுதுகையில், அழைப்பாணை இன்றி ஒருவரைத் தண்டிக்கத் திருத்தந்தைக்கு அதிகாரம் உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்பதே அவரது விடை. எல்லாம் அறிந்த இறைவனே ஆதாமை எங்கே இருக்கிறாய் என்று அழைத்த பின்னரன்றோ தீர்ப்பிட்டார்? அழைத்துக் கேட்பது இயற்கைச் சட்டம்; அதற்கு மேற்பட்டவர் எவருமில்லை. அங்கேதான், குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை எவரும் குற்றமற்றவராகவே கொள்ளப்படுவர் என்றும் எழுதினார். அவர் கையாண்ட வினை ‘பிரேசூமித்தூர்’.

மை உலர்ந்து நெடுநாள் ஆகவில்லை. 1307 அக்டோபர் 13 அன்று மன்னர் நான்காம் பிலிப்பு பிரான்சிலிருந்த டெம்ப்ளர் துறவற வீரர்களை ஒரே நாளில் சிறைப்பிடித்தார். வதையின்கீழ் வாக்குமூலங்கள் பெறப்பட்டன. திருச்சபையின் விசாரணையாளரும் அதற்குத் துணைநின்றனர். 1312இல் திருத்தந்தை ஐந்தாம் கிளமெந்து, அச்சபையைக் குற்றத்தீர்ப்பு ஏதுமின்றியே கலைத்தார். கர்தினால் 1313இல் மறைந்தார். பாரிசில் ஒரு தெரு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1789இல் பிரெஞ்சுப் புரட்சியாளர் தங்கள் மனித உரிமைச் சாற்றுரையின் 9ஆம் பிரிவில் இக்கோட்பாட்டைப் பொறித்தபோது, அதற்கு ஒரு கர்தினால் தந்தையென்று எத்தனை பேர் அறிந்திருப்பரோ! 1983ஆம் ஆண்டின் நம் திருச்சபைச் சட்டத்தொகுப்போ அதனை வெளிப்படையாகச் சொல்லவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் திருத்தியமைத்து, 2021 டிசம்பர் 8இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப் பகுதியில்தான், 1321ஆம் சட்டத்தின் முதல் வரியாக அது இடம்பெற்றது. ஆனால் அவ்வரியின் இலத்தீன் வினை ‘மதிக்கப்படுகிறார்’ என்னும் பொருளுடைய ‘சென்சேத்தூர்’. கர்தினாலின் ‘பிரேசூமித்தூர்’ அதே சட்டத்தில் சற்றுக் கீழே நிற்கிறது: சட்டமீறல் புறத்தே நிகழ்ந்துவிட்டால், மாறாகத் தோன்றினாலன்றி, அதற்கு அவரே பொறுப்பாளி எனக் கொள்ளப்படும் என்பதற்காக.