களவுப் பழியும் கானகத்துப் பெண்களும்

காட்டைக் களமாகக் கொண்ட மர்மக் கதைகளுக்கு வழக்கமான ஓர் அமைப்பு உண்டு. செய்யாத குற்றத்துக்காக வேட்டையாடப்படும் ஒருத்தி, அடர்ந்த காடு, மறைந்திருக்கும் உண்மைக் குற்றவாளி, கடைசி அத்தியாயத்தில் நீதி. இவை யாவும் அமைந்த ஒரு நிகழ்வு நம் தமிழ்நாட்டு வரலாற்றிலும் உண்டு. அதன் நீதி வந்துசேரத்தான் 31 ஆண்டுகள் ஆயின.

தருமபுரி மாவட்டம் அரூருக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அடங்கிய பெரும்படை அங்கே நுழைந்தது. சந்தன மரம் கடத்தும் ஊர் என்பது பழி. ஆண்களிற் பலர் மலைக்கு ஓடிவிட, எஞ்சியோர் ஆலமரத்தடிக்கு இழுத்து வரப்பட்டு அடிக்கப்பட்டனர். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளாக்கப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன, தானியமும் கிணற்று நீரும் பாழாக்கப்பட்டன. பின்னர் 90 பெண்களும் 28 குழந்தைகளும் 15 ஆண்களுமாக 133 பேர் கைது செய்யப்பட்டனர். அந்தப் பெண்களைச் சேலம் சிறைக்கு அனுப்பியது, கடத்தற்காரர்கள் என்ற முத்திரையே.

இங்கே சிலப்பதிகாரம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலாது. அரண்மனைச் சிலம்பைக் களவாடியவன் பொற்கொல்லன்; களவுப் பழியோ ஊருக்குப் புதியவனான கோவலன் மீது விழுந்தது. உண்மைத் திருடன் தப்ப வேண்டுமெனில் எளிய அயலான் ஒருவன் அகப்பட வேண்டும். வாச்சாத்தியில் அந்த அயலானின் இடத்தில் ஓர் ஊரே நிறுத்தப்பட்டது. தனி மனிதர் தம் குற்றமின்மையை எப்படியேனும் நிறுவலாம். ஓர் ஊர் எதைக் கொண்டு நிறுவும்? ஊர்ப் பெயரைச் சொன்னதுமே கேட்பவர் முகத்தில் ஐயம் படர்வதைப் பார்த்துப் பழகிய வியாசர்பாடிக்காரர்களான நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று.

நம் ஊரிலிருந்து சென்னை உயர்நீதிமன்றம் சில கல் தொலைவுதான். வாச்சாத்திப் பெண்களுக்கோ அது நெடுவழி. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் செய்தியை வெளிக்கொணர்ந்தன. அக்கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் உச்சநீதிமன்றத்தை நாட, வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு உத்தரவாயிற்று. கண்ணகியிடம் உடைத்துக் காட்ட ஒரு சிலம்பு இருந்தது. இப்பெண்களிடம் இருந்தது நினைவு மட்டுமே. தமக்குக் கொடுமை இழைத்தவர்களை அவர்கள் அடையாளம் காட்டினர். மன்றத்தில் குறுக்கு விசாரணையையும் தாங்கினர்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் 17 பேர் மீது வன்புணர்ச்சிக் குற்றம் உறுதிப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளினார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர் உள்ளிட்ட உயர் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார்.

அத்தீர்ப்பில் நாம் முதன்மையாகக் கருதுவது வேறொன்று. உண்மையான கடத்தற்காரர்கள் யாரென அதிகாரிகள் அறிந்தே இருந்தனர், அவர்களைக் காக்கவே அப்பாவி மக்கள் பலியாக்கப்பட்டனர் என்று நீதிமன்றம் கண்டது. 18 பெண்களுக்குக் கிடைத்த நீதியோடு, ஊரின் மேலிருந்த களவுப் பழியும் அங்கேதான் நீங்கிற்று. பொற்கொல்லனின் சூழ்ச்சியை இளங்கோவடிகள் காப்பியத்தில் எழுதி வைத்தார். நம் காலத்தின் சூழ்ச்சி நீதிமன்ற ஏட்டில் ஏறியிருக்கிறது.

காப்பியத்தில், வேங்கை மரத்தடியில் நின்ற கண்ணகியைக் கண்டு சேர மன்னனிடம் சொன்னவர்கள் மலைமக்களே. அங்கே அவர்கள் சாட்சிகள் மட்டும். வாச்சாத்தியில் வழக்குரைத்தவர்களும் அவர்களே.